அலாஸ்கா: கப்பலில் ஒரு வாரம், ரயிலில் சில நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? எந்தக் கப்பல் நிறுவனம் என்பதையா?

இல்லை. எந்தப் பாதை என்பதை. நிறுவனம், அறை, சலுகை விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அலாஸ்காவுக்கு 7 இரவுக் கப்பல் பயணம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சுற்றுப்பயணம்: சியாட்டிலிலோ வான்கூவரிலோ ஏறி, அதே ஊரில் இறங்குவது. இன்னொன்று ஒருவழி: வான்கூவரில் ஏறி, ஆங்கரேஜுக்குத் தெற்கே உள்ள சீவர்ட் அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்குவது, அல்லது அங்கே ஏறி வான்கூவரில் இறங்குவது.

முதல் வகையில் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் என்று தென்கிழக்கு அலாஸ்காவை மட்டும்தான் பார்ப்பீர்கள். டெனாலி தேசியப் பூங்காவோ, அலாஸ்கா ரயில்ரோடோ அந்தப் பாதையில் வராது. ஸ்காக்வேயில் உள்ள வைட் பாஸ் மலை ரயில் மட்டும் கிடைக்கும். டெனாலியும் கண்ணாடிக்கூரை ரயிலும் வேண்டுமென்றால் ஒருவழிக் கப்பலோடு குறைந்தது 4 நாள் தரைப்பயணம் சேர்க்க வேண்டும். "அலாஸ்கா குரூஸ்" என்று பொதுவாகக் கேட்டு, மலிவாக இருக்கிறதென்று சியாட்டில் சுற்றுப்பயணத்தை வாங்கிவிட்டு, பிறகு டெனாலிக்கு எப்படிப் போவது என்று தேடுபவர்கள் நிறைய. அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது அதிகமில்லை.

ஒருவழிக் கப்பல்கள் ஏன் சியாட்டிலை விட்டுவிட்டு வான்கூவரைப் பிடித்துக்கொள்கின்றன?

1886-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றுதான் காரணம். வெளிநாட்டுக் கொடியேந்திய கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் நேராக இறக்கிவிட முடியாது. பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து போன்ற நாட்டுக் கொடியில் ஓடுபவை. அதனால் ஒருவழிப் பயணத்தின் ஒரு முனை கனடாவில் இருக்கிறது. சியாட்டிலில் தொடங்கி அங்கேயே முடியும் கப்பலும் இதே காரணத்தால்தான் விக்டோரியா போன்ற ஒரு கனடியத் துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கிறது. சியாட்டிலில் ஏறியவர் "நான் ஜூனோவிலேயே இறங்கிக்கொள்கிறேன்" என்று நடுவில் விடைபெற முடியாததும் இதனால்தான்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு எந்தெந்த விசா தேவை?

இரண்டும் தேவை: அமெரிக்க விசா, கனடிய விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே.

சியாட்டில் சுற்றுப்பயணத்தில் விக்டோரியாவில் மாலை சில மணி நேரம்தான் கப்பல் நிற்கும். "நாங்கள் இறங்க மாட்டோம், அறையிலேயே இருந்துவிடுகிறோம்" என்பது வாதமாக எடுபடாது. கப்பல் கனடாவுக்குள் நுழைகிறது, நீங்களும் அதோடு நுழைகிறீர்கள். கனடிய விசா இல்லையென்று ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பினால் பணம் திரும்பாது.

அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் 10 ஆண்டு பி1/பி2 பார்வையாளர் விசா போதும். அமெரிக்கப் பச்சை அட்டை உள்ளவர்களுக்குக் கனடிய விசா வேண்டாம். அட்டையும் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கனடிய விசா தேவை. அவர்களுடைய அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அமெரிக்க விசா நேர்காணலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கனடிய விசாவுக்கு அதன்பிறகு கைரேகைப் பதிவும் கடவுச்சீட்டை அனுப்பி வாங்குவதும் இருக்கின்றன. கப்பலின் முழுப் பணம் புறப்படும் நாளுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தேதிக்குள் இரண்டு விசாவும் கைக்கு வராவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது.

வான்கூவரில் ஏறுகிறவர்களுக்கு அமெரிக்கக் குடிவரவுச் சோதனை கனடா பிளேஸ் கப்பல் நிலையத்திலேயே நடந்துவிடும். ஒரே நாளில் மூன்று கப்பல் நின்றால் வரிசை நீளும்.

எந்த மாதம் நல்லது?

மே மாதம் தென்கிழக்குக் கரையில் மழை குறைவு, விலையும் குறைவு, மலையுச்சிகளில் பனி மூடியிருக்கும். ஜூன், ஜூலையில் வெப்பம் கூடும். பகல் முடிவதே இல்லை. ஜூன் 21 வாக்கில் ஆங்கரேஜில் 19 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். கொசுவும் அப்போதுதான். ஜூலை, ஆகஸ்டில் ஓடைகளில் சால்மன் ஏறும், அதைத் தேடிக் கரடிகள் வரும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து மழை வலுக்கும். ஆனால் டெனாலி புல்வெளி சிவந்து மஞ்சளாகும், இரவு இருண்டு ஃபேர்பேங்க்ஸ் பக்கம் வடதுருவ ஒளி தெரியத் தொடங்கும்.

ரயிலும் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஓடுகின்றன. அலாஸ்கா ரயில்ரோடின் அன்றாடக் கோடைக்கால ரயில்கள் மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். டெனாலி பூங்காப் பேருந்துகளும் ஏறக்குறைய அப்படித்தான். ஏப்ரல் கடைசிக் கப்பல் பாதி விலையில் கிடைக்கிறதென்று வாங்கினால் தரையில் ரயிலும் இல்லை, பூங்காப் பேருந்தும் இல்லை. ஜூன் முதல் இரண்டு வாரம் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்.

எல்லாக் கப்பலும் ஒரே பனியாற்றுக்குத்தான் போகுமா?

போகாது. விளம்பரத்தில் "பனியாறு காணும் நாள்" என்று பொதுவாகப் போட்டிருந்தால், எந்தப் பனியாறு என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளில் இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி, நாள் முழுதும் ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். விரிகுடாவின் உள்கோடியில் மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று மெல்லச் சுழலும், அதனால் எந்தப் பக்கத்து அறையிலிருந்தாலும் தெரியும். கிளேசியர் பே உள்ள பாதைக்குச் சில நூறு டாலர் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

ஹப்பர்ட் பனியாறு அளவில் பெரியது: 122 கிலோமீட்டர் நீளம், கடலைத் தொடும் முகப்பு மட்டும் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். பனிப்பாளங்கள் அடர்ந்து மிதந்தால் கேப்டன் தூரத்திலேயே கப்பலைத் திருப்பிவிடுவார். மே மாதத்தில் இது அடிக்கடி நடக்கும். அதற்குப் பணம் திருப்பித் தரப்படாது. காலேஜ் ஃபியோர்ட் என்ற குறுகிய கடற்கால் சில ஒருவழிப் பாதைகளில் மட்டும் வரும். ஹார்வர்ட், யேல் என்று அமெரிக்கக் கல்லூரிப் பெயர்களைத் தாங்கிய பனியாறுகள் அங்கே வரிசையாக இறங்குகின்றன.

சுற்றுப்பயணங்களில் டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்ற இரண்டு குறுகிய கடற்கால்கள் வரும். 2025 ஆகஸ்டில் டிரேசி ஆர்முக்குள் பெரிய நிலச்சரிவும் அதனால் பேரலையும் ஏற்பட்டன. பழைய பயணக் குறிப்புகளில் டிரேசி ஆர்ம் என்று இருந்தால் இப்போதைய பாதை எது என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனியாறு நாளில் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினால் பனி விழுந்து முடிந்திருக்கும். ஒளி முந்தி வரும், ஒலி பிந்தி வரும். முகப்பில் சிறு துண்டுகள் உதிரும் இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பெரியது விழும்.

தரைப்பயணம் முதலிலா, கப்பல் முதலிலா?

சொந்தமாகத் திட்டமிடுகிறவர்களுக்குத் தரை முதலில், கப்பல் பிறகு. காரணம் ரயில் நேரம்.

கோஸ்டல் கிளாசிக் ரயில் ஆங்கரேஜில் காலை 6:45-க்குக் கிளம்பி, 11 மணியை ஒட்டி சீவர்ட் சேரும். அங்கே பகல் உணவை முடித்துப் பிற்பகலில் கப்பல் ஏறலாம். விட்டியரில் ஏறுகிறவர்களுக்கு கிளேசியர் டிஸ்கவரி ரயில் ஆங்கரேஜிலிருந்து காலை 9:45 வாக்கில் இருக்கிறது. இரண்டும் கப்பலுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன.

எதிர்த்திசையில் அப்படியில்லை. கப்பல் விடியற்காலையில் சீவர்ட் வந்துவிடும், 8, 9 மணிக்குள் உங்களை இறக்கிவிடுவார்கள். கோஸ்டல் கிளாசிக் திரும்பிக் கிளம்புவது மாலை 6 மணிக்கு. ஆங்கரேஜ் சேர இரவு 10 தாண்டும். வடக்கே டெனாலி போகும் ரயிலோ ஆங்கரேஜிலிருந்து காலை 8:20-க்குப் போய்விடுகிறது. ஆகவே ஆங்கரேஜில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். கப்பல் முதலில் என்பதுதான் உங்களுக்கு வசதியென்றால், சீவர்டில் அந்தப் பகலைக் கீனை ஃபியோர்ட்ஸ் படகுப் பயணத்துக்குக் கொடுங்கள். திமிங்கிலமும் பஃபின் பறவையும் பார்க்க நல்ல இடம். படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதை 6 மணி ரயிலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பெட்டிகளை எங்கே வைப்பது என்பதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

வயதானவர்கள் உடன் வந்தால் தரை முதலில் என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. பெட்டி கட்டுவதும் அதிகாலை எழுவதும் முதல் 5 நாளில் முடிந்துவிடும். பிறகு 7 நாள் ஒரே அறை.

ஒரு மாதிரித் திட்டம் சொல்ல முடியுமா?

ஃபேர்பேங்க்ஸுக்கு விமானத்தில் போய் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை 8:20 வாக்கில் கிளம்பும் டெனாலி ஸ்டார் ரயில் நண்பகலில் டெனாலி சேரும். அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் பிற்பகல் 12:30 வாக்கில் அதே ரயிலைப் பிடித்து, இரவு 8 மணிக்கு ஆங்கரேஜ். ஆங்கரேஜில் இரண்டு இரவு. நடுவில் ஒரு நாள் வெறுமனே இருக்கட்டும். விமானம் தாமதமாகி முதல் நாள் நழுவினாலும், மொத்தத் திட்டம் சரியாமல் இருக்க அந்த நாள்தான் காப்பு. பிறகு அதிகாலை ரயிலில் சீவர்ட், பிற்பகலில் கப்பல், 7 இரவு கழித்து வான்கூவர்.

வான்கூவரில் இறங்கும் நாளன்று அமெரிக்கா வழியாகத் திரும்பும் விமானமென்றால் நண்பகலுக்கு முன் வாங்காதீர்கள். வான்கூவர் விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை இருக்கிறது; பல கப்பல்களின் பயணிகள் அந்த ஒரே வரிசையில்தான் வந்து நிற்பார்கள்.

கோல்ட்ஸ்டார் வகுப்புக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

அலாஸ்கா ரயில்ரோடில் இரண்டு வகுப்பு. அட்வென்ச்சரில் பெரிய சன்னல், சாய்வு இருக்கை, எல்லோரும் மாறி மாறி உட்காரும் பொதுக் கண்ணாடிக்கூரைப் பெட்டி. கோல்ட்ஸ்டாரில் உங்கள் இருக்கையே மேல்மாடியில் கண்ணாடிக்கூரையின் கீழ்; அந்த வகுப்புக்கென்றே திறந்தவெளி மேடை; உணவு கட்டணத்தில் அடக்கம். விலை ஏறக்குறைய இரு மடங்கு.

இரண்டில் ஒரு பயணத்துக்கு மட்டும் செலவழிக்க முடியுமென்றால் டெனாலி–ஆங்கரேஜ் பகுதியில் கோல்ட்ஸ்டார் எடுங்கள். ஏழரை மணி நேரம் உட்கார வேண்டிய பயணம் அது. சீவர்ட் பயணம் 4 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அதற்கு அட்வென்ச்சரே நிறைவாக இருக்கும். கிளேசியர் டிஸ்கவரியில் கோல்ட்ஸ்டார் கிடையாது.

தெற்கு நோக்கிப் போகும்போது வலப்புறம், வடக்கு நோக்கிப் போகும்போது இடப்புறம் என்று நினைவில் வையுங்கள்: டெனாலி மலையும், ஆங்கரேஜைத் தாண்டியதும் வரும் டர்னகைன் கடற்காலும் அந்தப் பக்கம். போர்ட்டேஜ் தாண்டித் தண்டவாளம் நெடுஞ்சாலையைப் பிரிந்த பிறகு பனியாறுகள் எதிர்ப்பக்கம் வரும். அப்போது எழுந்து போய்ப் பார்க்கலாம். ஹரிக்கேன் ஓடைமேல் உள்ள பாலம் 90 மீட்டர் உயரம், 1921-இல் கட்டியது. அங்கே ரயில் வேகத்தைக் குறைக்கும்.

இந்த ரயில்பாதை அலாஸ்கா மாநிலத்துக்கே சொந்தம். சீவர்டிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை 756 கிலோமீட்டர். 1923 ஜூலை 15 அன்று நெனானாவில் அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங் தங்க ஆணி அடித்துப் பணியை நிறைவு செய்தார்.

கப்பல் நிறுவனமே ரயிலும் விடுதியும் சேர்த்து விற்கிறதே, அதை வாங்கலாமா?

பெட்டியை அறையிலிருந்து எடுத்து அடுத்த விடுதி அறைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஏதாவது தாமதமானால் பொறுப்பும் அவர்களுடையது. கூட்டமாக, முதியவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கண்ணாடிக்கூரைப் பெட்டிகளை அலாஸ்கா ரயில்ரோடின் இன்ஜினோடு இணைத்து ஓட்டுகின்றன.

விலை கூடும் என்பதைவிட, டெனாலியில் எத்தனை இரவு என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. ஒரே இரவு என்றிருந்தால் வேண்டாம். மாலையில் சேர்ந்து மறுநாள் கிளம்பினால் பூங்காவுக்குள் போக நேரமே இருக்காது. இன்னொன்று: சில பகுதிகளில் "ரயில் அல்லது பேருந்து" என்று எழுதியிருக்கும். எந்தப் பகுதி எதில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டெனாலிக்குப் போனால் மலை தெரியும்தானே?

உறுதியில்லை. 6,190 மீட்டர் உயரமுள்ள அந்த மலை தனக்கான மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே தரிசனம் கிடைக்கிறது. இரண்டு இரவு தங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

பூங்காவின் ஒரே சாலை 92 மைல். சொந்தக் காரில் முதல் 15 மைல்தான் போகலாம். அதற்குமேல் பூங்காப் பேருந்து. பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவு நகர்ந்து சாலையைக் கொண்டுபோனதால், 2021 ஆகஸ்டிலிருந்து 43-ஆம் மைலோடு பேருந்துகள் திரும்பின. அங்கே பாலம் கட்டும் பணி தொடங்கியது. நீங்கள் போகும் ஆண்டில் எந்த மைல் வரை என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். பேருந்தில் உணவு விற்பனை இல்லை. தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு மலைக்கு மெக்கின்லி என்ற பழைய பெயரைத் திரும்பச் சூட்டியது; பூங்காவின் பெயர் டெனாலிதான். அலாஸ்காக்காரர்களும் டெனாலி என்றே சொல்கிறார்கள்.

வைட் பாஸ் ரயில் எப்படி?

ஸ்காக்வேயில் இறங்கி ஒரே ஒரு காரியம் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். யூகான் தங்க வேட்டைக்காக 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த குறும்பாதை ரயில்; தண்டவாள அகலம் 3 அடி. கடல்மட்டத்திலிருந்து 32 கிலோமீட்டர் தூரத்துக்குள் 873 மீட்டர் ஏறுகிறது. ரயில் வருவதற்கு முன் இந்தக் கணவாயில் பாரம் சுமந்து மடிந்த குதிரைகள் ஏறக்குறைய 3,000. கீழே தெரியும் பள்ளத்துக்கு இன்னும் செத்த குதிரைப் பள்ளம் என்றே பெயர்.

ஏறும்போது இடப்புறம் பள்ளத்தாக்கு. உச்சியில் இன்ஜின் மறுமுனைக்கு மாறும், அப்போது பயணிகளையும் பக்கம் மாறி உட்காரச் சொல்வார்கள். வலப்புறம் கிடைத்ததென்று வருந்த வேண்டாம். உச்சிவரை போய் உட்கார்ந்தபடியே திரும்பும் பயணம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஃப்ரேசர், கார்க்ராஸ் வரை போகும் நீளமான பயணத்தில் கனடாவில் இறங்க வேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் கப்பல் அறையில் இருந்தால் ஏற்ற மாட்டார்கள்.

கரைச் சுற்றுலாவைக் கப்பலில் வாங்குவதா, வெளியிலா?

கப்பல் வழியாக வாங்கியது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியில் வாங்கியதற்குக் காத்திருக்காது. ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமானம்தான்.

எனவே துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே முடிவதை, உதாரணமாக மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் போகும் பேருந்தை, வெளியில் வாங்கலாம். நீண்ட நேரம் எடுப்பதையும் ஹெலிகாப்டரையும் கப்பலில் வாங்குவது பாதுகாப்பு. மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் ரத்தாகும், பணம் திரும்பும்; ஆனால் மாற்றுக்கு அன்று எதிலும் இடம் கிடைக்காது. அதனால் ஹெலிகாப்டரைக் காலை வேளையில் போடுங்கள்.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அலாஸ்கா நேரம் வான்கூவர், சியாட்டில் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அதுவே கணக்கு. கைபேசி தானாக வேறு நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம். கப்பல் நேரத்தில் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். கெட்சிகனில் சில கப்பல்கள் ஊருக்கு 7 மைல் வெளியே வார்ட் கோவ் என்ற துறையில் நிற்கும். ஊருக்குப் போய்த் திரும்பும் பேருந்து நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சைவச் சாப்பாடு?

கப்பலில் கவலை வேண்டாம். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சிறப்பு உணவுப் பிரிவுக்கு எழுதி, முதல் இரவே உணவுக்கூடத் தலைமைப் பரிசாரகரிடம் சொல்லிவிட்டால், மறுநாளைக்கான இந்தியச் சைவ உணவை முந்தின இரவே கேட்டுச் சமைத்துத் தருவார்கள். "வெஜிடேரியன்" என்பதில் முட்டை அடங்கும். சூப்பில் கோழிச்சாறு இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சிரமம் தரையில்தான், குறிப்பாக டெனாலியில். ஆங்கரேஜ், ஃபேர்பேங்க்ஸ் பெருங்கடைகளில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பருப்புப்பொடி, ஊறுகாய் ஆகியவற்றை முத்திரையிட்ட பொட்டலத்தில் கொண்டுவரலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதையும் அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. மின்கெண்டி, குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் கப்பலில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எந்த உடை?

தடித்த ஒரே கோட்டு வேண்டாம். உள்ளே தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் தலைமூடியுள்ள மழைச்சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேல்தளத்துக் காற்றில் குடை நிற்காது. புடவை கட்டும் அம்மாக்களுக்கு உள்ளே தெர்மல் கால்சட்டை, மூடிய ஷூ, குல்லாய் கட்டாயம். ஆளுக்கொரு 8×42 இருகண்ணோக்கி இருந்தால் கேமராவைவிட உதவும்.

கப்பல் ஆடுமா?

வான்கூவரிலிருந்து வடக்கே தீவுகளுக்கு நடுவே போகும் வழி அமைதியானது. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் வெளிப்புறம், திறந்த பசிபிக்கில் போகும். ஆட்டம் அங்கே அதிகம். ஒருவழிப் பயணத்தில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் ஓர் இரவும் பகலும் ஆடக்கூடும். குமட்டல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறையை எடுங்கள். குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலனில்லை. மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும்.

முழங்கால் வலியுள்ள பெற்றோருக்கு இது ஒத்துவருமா?

வரும். சக்கர நாற்காலி தேவை என்பதைக் கப்பல், அலாஸ்கா ரயில்ரோடு, வைட் பாஸ் மூன்றிடமும் தனித்தனியாக, முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போகாது. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பெரிய பெட்டிகளைப் பதிவு செய்துவிடுங்கள். அவை சேருமிடத்தில்தான் திரும்பக் கிடைக்கும்; மருந்தும் கடவுச்சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு வாங்கும்போது, கப்பலிலிருந்தோ டெனாலியிலிருந்தோ விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செல்லுமா என்ற இரண்டு வரிகளைப் படித்துப் பாருங்கள்.

விட்டியருக்குக் காரில் போகலாமா?

போகலாம். ஆனால் ஊருக்குள் நுழைய 4 கிலோமீட்டர் ஒருவழிச் சுரங்கம் ஒன்றுதான் சாலை. ரயிலும் காரும் அதே தண்டவாளத்தின் மேல் முறைவைத்துப் போகின்றன. விட்டியர் நோக்கிப் போகும் கார்களை அரை மணிக்கும், வெளியே வரும் கார்களை முழு மணிக்கும் விடுவார்கள். தவறவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கப்பல் ஏறும் நாளில் குறைந்தது இரண்டு திறப்பு முன்னதாகச் சுரங்க வாயிலில் இருங்கள்.